பயந்து பயந்து நடந்தேன்

"வயித்தச் சுருக்கினாலும் நீ பழையபடி ஊதிடுவ பாரு." எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என்னிடம் சித்தி சொன்னது இது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சித்தி சொன்னபடி இதில் தோற்றுவிடக் கூடாதென்று மோர் மட்டும் குடித்து, காலையும் மாலையும் வெண்ணாற்றங்கரையில் நடந்தேன். சாப்பிட்டாலும் பயம், உட்கார்ந்தாலும் பயம். முடி கொத்தாகக் கொட்டியும் நிறுத்த முடியவில்லை.

ஒரு காலை கண் இருட்டி, கரையை ஒட்டிய வாய்க்காலில் விழுந்தேன். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து தூக்கினார். "நாள் முழுக்கக் குனியுற நாங்க விழல, சும்மா நடந்த நீ விழுந்துட்டியேடி" என்று அழுதார்.

"சாப்பிடாம நடந்தா கொழுப்பு மட்டுமா கரையும்? தசையும் கரையும்மா" என்றார் மருத்துவர்.

இப்போது முட்டையோ சுண்டலோ மென்று தின்ற பிறகே, காலையில் மட்டும் நடக்கிறேன். தட்டைப் பார்த்தால் எடை ஏறிவிடுமோ என்ற பயம் இன்னும் வருகிறது. அதனால், அடிக்கடி ஏறி நின்று பார்த்த எடைக்கருவியை அம்மாவின் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.