சபீனா கலந்த உப்புநீர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சபீனா வேலை பார்த்தாள். அவள் கைப்பட ஒரு பெட்டி செய்திருந்தாள். பயணிகள் கப்பலின் அடித்தளத்தில் மாட்டிவிட்டால், வழியெல்லாம் கடல்நீரைக் குழாயில் இழுத்து, உப்பையும் கலங்கலையும் தானாகவே அளந்து சொல்லும். மெரினாவில் கால் நனைத்ததைத் தவிர அவளுக்குக் கடலைத் தெரியாது.

அந்தமான் கப்பலில் பெட்டியைச் சோதிக்க, உடன் வேலை செய்யும் நிர்மல் போனான். பெட்டி சரியாக அளந்தால் அடுத்த பயணம் சபீனாவுக்கு என்று முதலாளி ஜானகிராமன் சொல்லியிருந்தார். நடுக்கடலில் அதே குழாயிலிருந்து பாட்டிலில் நீர் பிடித்து வந்து இங்கே அளந்து ஒப்பிட வேண்டும். கப்பலில் பெட்டியை ஓட்டிப் பார்க்க, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு காட்டும்படி சபீனா ஒரு கேனில் உப்புநீர் கலந்து கொடுத்தனுப்பினாள்.

பெட்டியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நிர்மல் திரும்பினான். பெட்டி காட்டியது முப்பத்திரண்டு. பாட்டில் நீர் முப்பத்தைந்து.

"சபீ ஒயரிங்க அவசரத்துல பண்ணிட்டா போல சார்" என்றான், அவள் எதிரிலேயே.

"அடுத்த ட்ரிப்பும் நீயே போ" என்றார் முதலாளி.

சபீனா பாட்டிலை மறுபடி அளந்தாள். உப்பு இம்மியும் பிசகாமல் முப்பத்தைந்து. கலங்கல் துளியும் இல்லை. கடல் வாசனையும் இல்லை. அவளே கலந்து கொடுத்த நீர்!

டீக்கடையில் கேட்டாள்: "இன்னா நிர்மல், கடல்ல ஒரு தூசுகூட கெடையாதா?"

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். "கப்பல் ஏறினதுலேர்ந்து வாந்தி, சபீ. எயுந்து நிக்கவே முடில. வெறும் பாட்டிலோட வந்தா சிரிப்பாங்கல்ல?"

"அதுக்கு என் தலையில போட்டியா? தெனம் என் டிபன் பாக்ஸ்ல கை வச்சி துன்னவன் நீ."

"உன்ன இன்னா வேலய விட்டா தூக்கப் போறாங்க? வுடு."

அவள் நேராக முதலாளியிடம் போய் மேசையில் பாட்டிலை வைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெல்லச் சொன்னார்: "அவன் வந்து நின்னப்பவே பெட்டி காட்டினதுதான் சரின்னு எனக்குத் தோணிச்சும்மா. ஆனா பெட்டியில சின்னக் கோளாறு, சரிபண்ணித் தர்றோம்னு கப்பல்காரங்களுக்கு மெயில் போயிடுச்சு. நம்ம ஆளே பொய் சொன்னான்னா ஆர்டர் போயிடும். முப்பத்தஞ்சு காட்டுற மாதிரி பெட்டியில மூணு கூட்டி வச்சிடு."

நிர்மல் சொன்ன பொய் அவனோடு போகும். இப்போது அவள் கையாலேயே, அந்தப் பெட்டியைப் போகிற கடலிலெல்லாம் பொய் சொல்லப் பழக்கச் சொல்கிறார் முதலாளி.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை பாட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"நிர்மலையே கூட்டச் சொல்லுங்க சார். எனக்கு அந்த வேலை தெரியாது."