இருபத்து நாலு வரித் தோட்டம்

தொண்டாமுத்தூரில் பெண் எடுத்து ஐந்து வருடம் ஆகியும் ஒரு காட்டு யானையைக்கூட நேரில் பார்த்திராத நான், காட்டு யானை தோட்டத்துக்குள் எப்படி வரும், எப்படி நடக்கும் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினேன். எழுதியதோடு நின்றிருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். வருடா வருடம் யானையிடம் தென்னை பறிகொடுக்கிற என் மச்சானையே நாற்காலியில் உட்காரவைத்து, யானையின் சுபாவம் பற்றி அவருக்கு விளக்கமும் சொன்னேன். இதை எழுதும் இப்போதும் காது சுடுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. கணபதியில் ஒரு வெல்டிங் பட்டறையின் மாடியில் குடியிருந்தோம். நான் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிறவன். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தும் டிராயிங் வேலை எடுத்துச் செய்யலாம் என்று அவளிடம் சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன். சொன்னபோது அதை நானும் நம்பினேன்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் அட்டையில் ஒட்டிக் கொடுத்த சிடியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வந்தது. அதை ஏற்றி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மானிட்டரின் எண்களைத் தப்பாகக் கொடுத்தால் மானிட்டரே புகைந்துபோகலாம் என்று நடுவில் ஓர் எச்சரிக்கை வேறு. ஆட்டம் தொடங்கும் முன்பே ஆடுகிறவனை இவ்வளவு நடுங்கவைக்க இன்றுவரை எந்த விளையாட்டுக் கம்பெனியாலும் முடிந்ததில்லை. லினக்ஸில் விளையாடுவது பற்றி என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான்: விளையாட்டு ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டால் பாதி சுவாரஸ்யம் போய்விடுகிறது.

அந்தச் சிடியில் ஒரு பாதாள விளையாட்டு இருந்தது. படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். ஆடுகிறவன் ஒரு @. பெரிய D ஒன்று எதிரே வந்தால் அது டிராகன், ஓடிவிட வேண்டும். செத்தால் செத்ததுதான், மறுபடி முதலிலிருந்து. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அப்போது திரை முழுக்க ரத்தம் தெறிக்கும் துப்பாக்கி ஆட்டங்களில் இருந்தார்கள். எனக்கு இந்த எழுத்துகள் போதுமாக இருந்தன. நூறு பேர் கூடிச் செய்த விளையாட்டில் சுவரின் செங்கல் வரை தெரியும், செய்தவர்கள் தெரிய மாட்டார்கள். ஒற்றை ஆள் செய்ததில் அந்த ஆள் தெரிவான். எதற்குப் பயப்படுகிறான், எதில் பிடிவாதக்காரன், எந்த இடத்தில் சோம்பல்பட்டு விட்டுவிட்டான், எல்லாம் தெரியும். இன்று இதற்கு இண்டி கேம் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. அன்று என் மனைவி வைத்த பெயர் "வேற வேல இல்லாதவங்க செஞ்சது". இரண்டுக்கும் நான் வித்தியாசம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நாமும் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது அப்படித்தான். எண்பது எழுத்து அகலம், இருபத்து நாலு வரி உயரத்தில் ஒரு தென்னந்தோப்பு, அதில் ஒரு கிணறு. T என்றால் தென்னை, Y என்றால் யானை. @ கையில் ஒரு டார்ச். விடியும்போது பாதிக்கு மேல் மரம் நின்றால் ஜெயம். காட்டு யானை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பாட்டுகளில் படித்தவை. ஆகவே, அவற்றில் தினைப்புனம் காக்கிறவர்களுக்கு இருப்பதுபோல், தோட்டத்தில் ஒரு பரணும் கட்டினேன். நடுவில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் வசதி தரவில்லை. வாழ்க்கையில் அது உண்டா என்ன என்று கேட்கும் வயது எனக்கு அப்போது.

சத்தம்தான் வரவில்லை. ஒரு டேப் ரிக்கார்டரோடு கோயில் யானை முன்னால் அரை நாள் நின்று, அது சலித்துப்போய்ப் பிளிறிய ஒரே ஒரு பிளிறலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். லினக்ஸ் என் சவுண்டு கார்டை ஆளாகவே மதிக்கவில்லை. இரண்டு மாதம் போராடிவிட்டு ஊமை யானையோடு சமாதானம் ஆனேன். உள்ளுக்குள் அது ஒரு குறையாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

வடக்கே எங்கோ பனி பெய்யும் ஒரு நாட்டில் ஒருவர் இருந்தார். லினக்ஸில் ஓடும் சின்னச் சின்ன இலவச விளையாட்டுகளைச் சேர்த்து ஒரு சிடியாகப் போட்டு, கேட்டவர்களுக்கு அனுப்புவார். காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து என் விளையாட்டை அவருக்கு அனுப்பினேன். பதில் வந்தது. சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி, ஆனால் ஒரு விதி உண்டு; எழுதியவரைத் தவிர இன்னும் ஒருவராவது கடைசிவரை ஆடி ஜெயித்திருக்க வேண்டும், ஜெயித்தவர் இரண்டு வரி எழுதித் தர வேண்டும், மாதக் கடைசிக்குள்.

உலகம் முழுக்கப் போகும் ஒரு சிடியில் என் பெயர். நடுவே நின்றது ஒரே ஓர் ஆள். அந்த ஆளைக் கோயமுத்தூரில் தேட ஆரம்பித்தேன். கம்பெனியில் இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிவந்து டிபன் கொடுத்து உட்காரவைத்தேன். நாலு நிமிடம் ஆடிவிட்டுத் துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள். மனைவியிடம் கேட்டேன். "தெனம் அறுவது பிள்ளைங்க நோட்டுத் திருத்தறனுங்க. உங்களுதையும் திருத்தோணுமா?" என்றாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், சாக்கில் தேங்காயும் கத்தரிக்காயுமாக மொபெட்டில் வந்து இறங்கினார். கை கழுவக்கூட விடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். சத்தம் வராததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"இதுல நான் எங்கீங்க இருக்கறன்?" என்றார்.

"இந்த வட்டத்துக்குள்ள ஒரு எழுத்து இருக்குதுங்களே, அதுதாங்க மச்சா நீங்க."

"வவுத்தப் பெருசாத்தான் வெச்சிருக்கறீங்க. செரி, யானை எங்க? இந்தக் கவட்டையா?"

"அது Y-ங்க. யானைன்னு நெனச்சுக்கோணும்."

"நெனச்சுக்கலாமுங்க. இது எந்த வழியா வந்துச்சு?"

"வழின்னு ஒண்ணும் இல்லீங்க. கம்ப்யூட்டரே ஒரு எடத்தப் பாத்து வெச்சுக்கும்."

"நடுத் தோப்புல?"

"ஆமாங்க."

"மேல இருந்து உழுந்துதுங்களா?"

சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அம்மணி, சிரிக்காத. மாப்பள ஏதோ யோசன பண்ணித்தான் செஞ்சிருப்பாரு," என்றார் மச்சான். எங்கள் பக்கத்து மரியாதை ஆளைக் கொல்லும்.

முதல் ஆட்டத்தில் யானை அவரை மிதித்தது. இரண்டாவதிலும் மிதித்தது. பரணில் ஏறலாம் என்று யோசனை சொன்னேன். ஏறி என்ன செய்வது என்று கேட்டார். யானையைப் பார்க்கலாம் என்றேன். "கீழ இருந்தே நல்லாத்தானுங்க தெரியுது," என்றார். மூன்றாவது ஆட்டத்தில் டார்ச் அடித்து யானையைத் துரத்திக்கொண்டே ஓரம் வரைக்கும் போய்விட்டு, கையை எடுத்தார்.

"வெரட்டிப்போட்டன். இனி அது எங்க போகோணும்?"

"வெளியங்க."

"வெளிய எங்க? நாலு பக்கமும் செவுரு கட்டி வெச்சிருக்கறீங்களே. மல எந்தப் பக்கம்?"

மலை இல்லை. எண்பதுக்கு இருபத்து நாலில் மலைக்கு இடம் விட எனக்குத் தோன்றவில்லை.

"செவுத்துக்குள்ள யானையப் போட்டுப் பூட்டிப்போட்டு, என்னையும் உள்ள உட்டு, கையில ஒரு டார்ச்சையும் குடுத்துப்போட்டீங்க. தங்கச்சியக் கட்டிக் குடுத்ததத் தவர நான் உங்களுக்கு அப்பிடி என்ன பண்ணுனனுங்க மாப்பள?"

அன்று அவர் ஜெயிக்கவில்லை. கிளம்பும்வரை அவர் சொன்னதையெல்லாம் ஒரு டிராயிங் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். மேற்கே மலை வேண்டும். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி வேண்டும். காற்று வேண்டும், ஆள் இருப்பதை யானை மோப்பத்தில்தான் கண்டுபிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், யானைக்கு வயிறு வேண்டும். என் யானை விடியவிடியத் தின்றுகொண்டே இருந்தது. நிஜத்தில் வயிறு நிறைந்தால் கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் திரும்பிவிடுமாம், வழியை மட்டும் மறிக்கக்கூடாதாம். எத்தனை மரம் தின்றால் நிறையும் என்று கேட்டேன். "அதையத்தான் கேக்கோணும்," என்று மொபெட்டை உதைத்தார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து மலை, வழி, காற்று, வயிறு எல்லாம் எழுதினேன். மாதக் கடைசி ஞாயிறு மச்சானை மறுபடி வரவழைத்தேன். சும்மா வர மாட்டார் என்று மனைவியை விட்டுக் கோழிக் குழம்பு என்று சொல்லவைத்தேன்.

இந்த முறை அவர் டார்ச்சையே அணைத்துவிட்டார். காற்று மலையிலிருந்து வீச, @-வைக் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் ஒரே ஒரு சாவி. புள்ளி. என் விளையாட்டில் புள்ளி என்றால் 'சும்மா இரு' என்று அர்த்தம். அதை யாரும் பயன்படுத்துவார்கள் என்று நினைத்து நான் வைக்கவில்லை. புள்ளி, புள்ளி, புள்ளி. Y இடது ஓரத்திலிருந்து உள்ளே வந்து ஒரு T-யைத் தின்றது. அடுத்ததைத் தின்றது.

ஆட்டத்து இரவில் பாதி கடந்திருக்கும். கீழே பட்டறையில் வெல்டிங்குக்கு இரும்பை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஏதோ அவசர ஆர்டர். பெரிய வெல்டிங் ஓடினால் எங்கள் மாடியில் வோல்டேஜ் படுத்துவிடும், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். நடுவில் நிறுத்தி வைக்கும் வசதிதான் கொள்கைப்படி கிடையாதே. படிகளில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன்.

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒரு பத்து நிமிசம் மட்டும் நிறுத்த முடியுங்களா? மேல யானை உள்ள வந்திருக்குதுங்க."

வாயைவிட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. மாடியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "ஊட்ல எல்லாம் பத்தரமா இருக்கறாங்களா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். "போயிருச்சுன்னா ஒரு கொரல் குடுங்க," என்று கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

மேலே வந்தால் மச்சான் முன்னால் குனிந்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிஞ்சு மரத்த மட்டும் உட்டுரு சாமி," என்று முணுமுணுத்தார். நான் எழுதிய நிரலில் பிஞ்சு மரம் என்று எதுவும் இல்லை. எல்லா T-யும் ஒரே T-தான். ஆனால் அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரிந்தது, கிணற்றோரம் தனியாக நின்ற ஒன்று. Y அதன் பக்கத்தில் வந்து நின்றது. மனைவி காப்பி டம்ளர்களோடு வந்தாள்.

"சித்தெ இரு கண்ணு," என்றார் அவர், திரும்பாமல். "போகுது."

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஓர் எழுத்து மேற்கே நடப்பதைப் பார்த்தோம். கிணற்றோர T தப்பித்தது. Y இடது ஓரம் போய் மறைந்தது. ஆங்கில எழுத்துகளில் நான் அடித்துவைத்திருந்த 'விடிந்தது' திரையில் வந்தது. மச்சான் நாற்காலியில் சாய்ந்து, "இப்பக் குடு காப்பிய," என்றார்.

நான் ஜன்னல் வழியே, "போயிருச்சுங்க!" என்று குரல் கொடுத்தேன். கீழே வெல்டிங் தொடங்கியது. திரை இருண்டது. பரவாயில்லை, சாட்சி இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல அந்த இரண்டு வரியை எழுதி, இங்கிலீஷில் மாற்றி, திருத்திய விளையாட்டோடு சேர்த்து அன்றே அனுப்பினேன். "ஆட்டம் முடிஞ்சுது, பதினோரு மரம் போச்சு. யானைக்கும் எனக்கும் சேதாரம் இல்லை."

பனி நாட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. சேர்த்துக்கொண்டாராம். தானும் ஜெயித்ததாகவும், ஒன்றுமே செய்யாமல் இருந்ததால்தான் ஜெயித்ததாகவும், அது வேண்டுமென்றே வைத்ததா என்றும் கேட்டிருந்தார். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஆம், அதுதான் இந்த விளையாட்டின் தத்துவமே என்று மூன்று பத்திகள் அடித்து அனுப்பினேன். இண்டி விளையாட்டு செய்கிறவர்கள் தங்கள் தத்துவத்தை விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பத்திகள் ஞாபகம் வருகின்றன, அவர்களை மன்னித்துவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்துச் சிடி தபாலில் வந்தது. பெட்டிக்குள் மடித்துவைத்த தாளில் பொடி எழுத்தில் என் பெயர். அந்த வாரமே இருவரும் தொண்டாமுத்தூர் பஸ் ஏறினோம். மச்சான் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சிடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம யானை இதுக்குள்ளயா இருக்குது?"

"ஆமாங்க மச்சா. மல, காத்து, வவுறு, நீங்க சொன்னது எல்லாமே இருக்குதுங்க."

"மல சித்தெ சின்னதுங்க. காத்து நாள் முச்சூடும் ஒரே பக்கமா அடிக்குது. வவுறும் பத்தாது," என்றார். "சத்தம் வந்துருச்சுங்களா?"

"அது மட்டும் இன்னும் வரலீங்க," என்றேன். சவுண்டு கார்டு, லினக்ஸ், இரண்டு மாதப் போராட்டம், கோயில் யானை எல்லாவற்றையும் மறுபடி சொல்லி வருத்தப்பட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிடியை என் கையில் கொடுத்தார்.

"அத உட்டுருங்க மாப்பள. பக்கத்துல வந்து நின்னாலும் யானை வந்தது தெரியாதுங்க, அவ்வளவு சத்தமில்லாம வரும். நீங்க செஞ்சதுலயே அது ஒண்ணுதானுங்க சரியா அமஞ்சிருக்குது."