இருபத்திரண்டாம் நாள் காலையோடு நின்ற மணி

“எத்தனை நாளா மாத்திரை போடல?”

அவசரப் பிரிவு டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பெயிண்ட் கடையில் வலிப்பு வந்து விழுந்த அப்பாவோடு வண்டியில் வந்தவள் நான் ஒருத்திதான். அம்மா தையல் யூனிட்டிலிருந்தும் அக்கா ஆபீசிலிருந்தும் இன்னும் வந்து சேரவில்லை.

“தினமும் போடுறாரு டாக்டர்” என்றேன்.

“ரத்தத்துல மருந்தே இல்லையேம்மா.”

அப்பாவின் சட்டையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் கட்டிலின் கம்பியில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு நர்ஸ் அதைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது போகாது” என்று விட்டுவிட்டார்.

நான் எழுத வந்தது அக்காவைப் பற்றி. அவளை உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் அப்பாவின் மாத்திரையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறவர். ஆறு வருடத்துக்கு முன் கடையின் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. அதிலிருந்து வலிப்பு. ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை, காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு எட்டு. தவறாமல் போட்டால் அவர் எல்லாரையும் போலத்தான் இருப்பார். ஞாபகப்படுத்துவது அம்மாவின் வேலையாக இருந்தது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு மதியம் சரியாக இரண்டு மணிக்கு போன் அடிப்பாள். “போட்டீங்களா?” என்பாள். “போட்டேன்” என்பார் அப்பா. வேறு பேச்சு இருக்காது.

அக்கா மொபைல் செயலி எழுதுகிறவள். டயர் கடைக்கு மேலே மூன்று அறை, ஏழு பேர், ஒரு மேஜை இழுப்பறை நிறையப் பழைய போன்கள். அதுதான் அவளுடைய ஆபீஸ். கீழே டயருக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் தரை அதிரும். காதில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பாள், அதில் எதுவும் ஓடாது. ஒரு நாள் நான் எடுத்து வைத்துப் பார்த்துக் கேட்டேன். “யாரும் பேச வரமாட்டாங்கடி, அதுக்குத்தான்” என்றாள். முதலாளிக்கு ஆபீசில் கேப்டன் என்று பெயர். மழையோ வெயிலோ தொப்பியைக் கழற்ற மாட்டார்.

அவர்கள் செய்த செயலிகளில் ஒன்று மாத்திரை நேரத்தைச் சொல்வது. அது முழுக்க அக்கா கட்டியது. இணையம் தேவையில்லை, பேர் கேட்காது, நம்பர் கேட்காது. நேரத்தை ஒரு முறை சொல்லிவிட்டால், அந்த போனே மணியை உள்ளே வைத்துக்கொண்டு தினமும் அந்த நேரத்துக்கு அடிக்கும். “எங்க ஆபீசுக்குக்கூட யாரு என்ன மாத்திரை போடறாங்கன்னு தெரியாது” என்று பெருமையாகச் சொல்வாள்.

அதை அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்த அன்று அம்மாவிடம், “இனிமே நீ மிஷினை நிறுத்த வேண்டாம்மா” என்றாள்.

“பாத்துடி. உங்கப்பா கள்ளன்.”

“இது உன்னை மாதிரி இல்ல. மறக்கவே மறக்காது.”

ஏழு மாதம் அது மறக்கவே இல்லை. மணி அடித்தால் அப்பா, “வந்துட்டா என் புது மாமியார்” என்று சொல்லிக்கொண்டே மாத்திரையை வாயில் போடுவார். போனின் திரையில் மேலாக வரும் வரியிலேயே ‘போட்டாச்சு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவார். அவ்வளவுதான். செயலியைத் திறக்க வேண்டிய வேலையே அவருக்கு இல்லை. கண்ணாடி தேட வேண்டாம் என்பதற்காக அக்கா அப்படிச் செய்திருந்தாள்.

அப்புறம் கேப்டனுக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் ஒரே வரி வந்தால் சலிப்பாக இருக்கிறது, நாளை எண்ணிச் சொல்லி, நடுநடுவே பாராட்ட வேண்டும் என்றார். ‘இன்று ஐந்தாம் நாள்.’ ‘ஒரு வாரம் தவறவில்லை, சபாஷ்.’ இந்த மாதிரி.

இதில் உள்ள சிக்கலை அக்கா பின்னால் எனக்கு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். போனில் மணி வைக்க இரண்டு வழி உண்டு. ‘தினமும் இரண்டு மணிக்கு அடி’ என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் அது காலத்துக்கும் அடிக்கும். ஆனால் வரி மாறாது. வரி மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி மணி வைக்க வேண்டும். அப்பா வைத்திருப்பது போன்ற போன்களில் ஒரு செயலிக்கு அறுபத்து நான்கு மணிக்கு மேல் வரிசையில் நிற்க இடமில்லை. அதற்கு மேல் வைத்தால் போன் சத்தம் போடாமல் தள்ளிவிடும். இது அக்காவுக்குத் தெரியும். அதனால் யாராவது செயலியைத் திறக்கும்போதெல்லாம் வரிசை திரும்ப நிரம்பும்படி எழுதியிருந்தாள்.

இழுப்பறையில் இருந்த எல்லா போனிலும் ஒரு மாதம் சோதித்தார்கள். ஒரு மணிகூடத் தவறவில்லை. தவறாது. சோதிக்கிறவர்கள் தினமும் செயலியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திறக்காமல் சும்மா வைத்திருக்கும் ஒரு போன் அந்த ஆபீசில் இல்லை. சோதனை முடிந்த அன்று இரவு அப்பாவின் போனிலும் புது வடிவத்தை ஏற்றி, அக்காவே ஒரு முறை திறந்து வைத்தாள்.

இது எதுவும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தோன்றவில்லை.

அம்மா வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அக்கா ஓடி வந்தாள். அப்பாவைப் பார்ப்பதற்கு முன் அவருடைய போனை என்னிடமிருந்து வாங்கினாள். நடைபாதையில் நின்றபடியே செயலியைத் திறந்தாள். கட்டம் கட்டமாக நாட்கள் வந்தன. இருபத்தோரு நாள் முழுக்கப் பச்சை. இருபத்திரண்டாம் நாள் காலை பச்சை. அதற்கப்புறம் பதினொரு நாள் வெறும் கட்டங்கள். கீழே, ‘அடுத்த மாத்திரை: இரவு எட்டு’ என்று சரியாக இருந்தது.

“ஆப் சரியாத்தான் இருக்கு” என்றாள் அம்மாவிடம். “அவருதான் போடல.”

அம்மா உள்ளே போனாள். நெற்றியில் தையலோடு, கையில் கட்டோடு, பாதி மயக்கத்தில் கிடந்தவரிடம், “ஒரு பட்டனை அழுத்த உங்களுக்கு விரல் தேஞ்சு போச்சா? பொண்ணு கஷ்டப்பட்டுச் செஞ்சு குடுத்திருக்கா” என்று கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. வலிப்பு நெடுநேரம் நீடித்ததில் மூளை களைத்துவிட்டது, பேச்சு மெதுவாகத்தான் வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

எட்டு மணிக்கு அவர் தலைமாட்டில் மணி அடித்தது. எல்லாரும் போனைப் பார்த்தோம். அது ஒழுங்காக அடித்ததே அப்பாவுக்கு எதிரான சாட்சியாக இருந்தது.

நான் வீட்டில் சும்மா இருக்கிறவள். பள்ளி முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்று முடிவாகவில்லை. காலையும் இரவும் அந்த மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது பதினொரு நாள் அடிக்காமல் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்றாம் நாள் அப்பா பேசினார். அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ… நிறுத்திட்டேன்னு… நெனச்சேன்.”

“எதைப்பா?”

“மணி. இருபத்திரண்டு… காலை வந்துச்சு. மதியம் வரல.”

“வந்திருக்கும்பா. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டு வார்த்தையைத் தேடினார். “முந்தின நாள்… பாராட்டு வந்துச்சு. மூணு வாரம்… முடிஞ்சுது, பாராட்டுகள்னு. சரி, நீ டாக்டர்கிட்ட பேசி… முடிச்சிட்டேன்னு…”

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். இருபத்தொன்றை மூன்றால் பெருக்கினால் அறுபத்து மூன்று. மறுநாள் காலை ஒன்று, அறுபத்து நான்கு. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு கரண்டியை எடுத்து மிச்சக் கஞ்சியையும் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். கிண்ணத்தைக் கழுவப் போனவள் திரும்பி வர வெகுநேரமானது. போய்ப் பார்த்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கிண்ணம் கழுவி முடிந்திருந்தது, அவள் கை தண்ணீருக்கு அடியிலேயே இருந்தது. முகத்தில் எதுவும் இல்லை.

“நான் திறந்து பாத்தேன்ல, அப்ப நிரம்பிடுச்சு” என்றாள். “யாரு திறந்து பாத்தாலும் சரியாத்தான் இருக்கும். அதான் யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணல.”

அம்மாவிடமும் அதே குரலில் சொன்னாள். காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். “மறக்காதுன்னு சொன்னியேடி” என்று மட்டும் அம்மா சொன்னாள். திட்டியிருந்தால் அக்கா அழுதிருப்பாளோ என்னவோ. அம்மா திட்டவில்லை, அக்காவும் அழவில்லை. மறுநாளிலிருந்து அம்மா பழையபடி இரண்டு மணிக்கு மிஷினை நிறுத்தினாள்.

அக்கா ஆபீசுக்குப் போய் ஒரே மத்தியானத்தில் அதைச் சரிசெய்தாள். எண்ணுவதும் பாராட்டும் போய்விட்டன. பழையபடி ஒரே வரி, காலத்துக்கும் அடிக்கும் மூன்று வேளை மணி. சில வரிகளை அழிக்கிற வேலைதான் என்றாள். ஆனால் புதிய வடிவம் போனில் தானாக வந்து இறங்கினாலும், அதை ஒருவர் ஒரு முறை திறந்தால்தான் உள்ளே மணி வைக்கும். மணி போனுக்குள் இருக்கிறது, ஆபீசில் இல்லை. யாருடைய பேரும் நம்பரும் அவர்களிடம் இல்லை. அவள் பெருமைப்பட்டதே அதற்குத்தான்.

கேப்டனிடம் போனாள். அன்று நானும் அவளோடு போயிருந்தேன், அவளைத் தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை.

“திறந்து பாருங்கன்னு வெளிப்படையா எழுதணும் சார். மணி நின்னிருக்கும், மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு.”

“உங்க அப்பாவுக்கு ஆனது எனக்கும் வருத்தம்தாம்மா. ஆனா ஒருத்தருக்குத்தானே ஆச்சு?”

“நமக்குத் தெரிஞ்சது ஒருத்தருக்கு.”

“அப்படி எழுதினா பயந்துபோய் அழிச்சிடுவாங்க.”

“அழிச்சா நல்லது சார். வேற ஏதாவது வெச்சுப்பாங்க. சும்மா இருக்கிற மணிய நம்பிட்டு இருக்கிறதுதான்…”

கேப்டன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்ப மாட்டிக்கொண்டு, “சிறு திருத்தங்கள்னு போடுங்க, போதும்” என்றார்.

“சரி சார்” என்றாள் அக்கா.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். படியிறங்கும்போது, “ஏன்க்கா சரின்னே?” என்று கேட்டேன். “தெரியலடி. எனக்கு ஒண்ணுமே தோணல” என்றாள். கீழே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் போகாமல் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே நடந்தாள்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு நேரம் வேண்டும். நாங்கள் காத்திருக்கப் பழகிவிட்டோம். வண்ணம் கலக்கும் இயந்திரத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அப்பா அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், “நீ சாப்பிட்டியா” என்று மூன்று மூச்சில் கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடுகிறாள்தான். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், துணி மடிக்கிறாள். என்னோடு சிரிக்கவும் சிரிக்கிறாள், ஒரு நொடி தாமதமாக.

தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் ஒரு எண்ணைப் பார்க்கிறாள். செயலி பதினோராயிரம் போனில் இருக்கிறது. அதில் எத்தனை போனில் புதிய வடிவத்தை ஒரு முறையாவது திறந்திருக்கிறார்கள் என்று, செயலிகளை இறக்கித் தரும் இணையக் கடை பேரில்லாமல் கணக்குக் காட்டும். முதல் வாரம் வேகமாக ஏறியது. இப்போது நாளுக்கு இரண்டு, மூன்று. இன்று காலை மீதி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அதில் பாதிப் பேர் செயலியையே மறந்திருக்கலாம், போனை மாற்றியிருக்கலாம். “மீதிப் பாதி?” என்றேன். அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

அவளுக்கு எழுத வராது. வந்தாலும், வெளியே எதுவும் சொல்லமாட்டேன் என்று ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். செயலியின் பேரை நானும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இப்படி எழுதலாமா என்று கேட்டபோது தடுக்கவில்லை. “புரியிற மாதிரி எழுது” என்றாள்.

ஆகையால் எந்தச் செயலி என்று தேட வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது போன் மணியை நம்பி மாத்திரை போடுகிறார்கள் என்றால், இன்று அது அடித்ததா என்று அவர்களிடம் கேளுங்கள். நின்றிருந்தால், நிறுத்தியது டாக்டர் இல்லை என்று சொல்லுங்கள். அந்தச் செயலியை அவர்கள் கண்முன்னாலேயே ஒரு முறை திறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் இதை அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்கள், அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாலாயிரம் பேரிடம் போய்ச் சேர எங்களுக்கு வேறு வழி இல்லை.