அருகிலுள்ள பாடசாலை

என் மகளை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு நாளும் நினைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாசிக்கத் தேவையில்லை.

திருகோணமலைத் துறைமுக மதிலுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். ஐந்தாம் தரம் வரைதான். ஒரு நீள மண்டபம், இரண்டு அறைகள், அதிபரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். ஒன்றாம் தரமும் இரண்டாம் தரமும் என் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய அலுமாரிதான் மறைப்பு. அந்தப் பக்கம் கூட்டல் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பக்கம் எழுத்துப் பழகுகிற பிள்ளையும் விரல் மடக்கி எண்ணத் தொடங்கிவிடும். பதினொரு வருடமாக இப்படித்தான். நன்றாகப் படிப்பிக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் பிள்ளைக்கு அது போதாது என்று நினைத்தேன். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

டவுனில் பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. மாடிக் கட்டடம், ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியை, பெற்றோர் தினத்துக்கு பாண்ட் வாத்தியம். அங்கே ஒன்றாம் தரத்தில் ஏறிவிட்டால் உயர்தரம் வரை இறங்கத் தேவையில்லை. கல்யாண வீட்டில் “பிள்ளை எங்க படிக்குது?” என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து இருக்கலாம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இல்லை என்றால் பொய்.

ஒன்றாம் தரத்துக்குப் பிள்ளை சேர்ப்பதென்றால் இங்கே வீடுதான் பரீட்சை எழுதும். வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, வீட்டு உறுதி யார் பெயரில், கரண்ட் பில், தண்ணீர் பில், கிராம சேவகரின் கடிதம், எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. கூட்டி முடித்த பிறகு வெட்டத் தொடங்குவார்கள். பெரிய பள்ளிக்கூடத்தைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்டவாக வேறு பள்ளிக்கூடம் இருந்தால் அதற்கு ஐந்து புள்ளி வெட்டு. கிட்ட இருக்கிறதை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறாய் என்று அதற்கு அர்த்தம். படிவத்தில் ‘அருகிலுள்ள பாடசாலை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பள்ளிக்கூடத்தின் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கென்று வேறு ஒரு பிரிவு உண்டுதான். ஆனால் அதில் வீட்டை விட்டுத் தூரம் போய், கஷ்டப் பிரதேசத்தில் படிப்பித்தவர்களுக்குத்தான் புள்ளி. நான் ஐந்து நிமிடம் நடந்து வேலைக்குப் போகிறவள். அதற்கு என்ன புள்ளி கிடைக்கும்? பக்கத்தில் இருப்பது அங்கேயும் குற்றம், இங்கேயும் குற்றம்.

நேர்முகத்தில் கோப்பைப் புரட்டிய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம்தானே இது? அங்கயே விடலாமே டீச்சர்” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே ஐந்து புள்ளியை வெட்டினார்.

தற்காலிகப் பட்டியலைப் பெரிய பள்ளிக்கூடத்து அறிவித்தல் பலகையில் போட்டார்கள். மகளின் பெயர் இல்லை. விசாரித்தால் மூன்று புள்ளியால் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து அழுதேன். என் கணவர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். அவருக்கு எதிலும் ஒரு பகிடி வேண்டும்.

“உன்ர பள்ளிக்கூடம்தான் உன்ர பிள்ளைக்குக் குறுக்கால நிக்குது” என்றார்.

“வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அதே கிழமைதான் நான் பிள்ளை பிடிக்கப் போனேன். எங்களுக்குள் அதற்கு அப்படித்தான் பெயர். சின்னப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் வருடக் கடைசியில் வீடு வீடாகப் போய், ஐந்து வயதான பிள்ளையை எங்களிடம் விடுங்கள் என்று கேட்டு நிற்க வேண்டும். அந்த வருடம் வலயக் கல்விப் பணிமனை கண்டிப்பாகச் சொல்லியிருந்தது: ஒன்றாம் தரத்துக்கு ஐந்து பிள்ளைகளாவது சேராவிட்டால் வகுப்பை மூடிவிட்டு ஆசிரியையை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். மாற்றம் என்றால் கிண்ணியா தாண்டி எங்கேயாவது. விடிய முதல் பஸ் எடுத்தால் மகளை யார் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போவது? கணவருக்கு ஆறரைக்கு வேலை. ஆக, மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் என் சின்னப் பள்ளிக்கூடம் மூடக்கூடாது. இதை நினைத்து எனக்கு அப்போதே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான்கு பிள்ளைகள் கிடைத்தார்கள். ஐந்தாவதுக்காக அடுத்த கிழமை மதிலோர ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் போனேன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கப் போகிறவள். ஹோட்டல் உடுப்போடேயே வாசலுக்கு வந்தாள். அவளுடைய மகள் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. கையில் ஒரு பழைய கலண்டர் தாள், அதன் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதி வைத்திருந்தது. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

“நாங்களும் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் படிவம் போட்டனாங்கள் டீச்சர்” என்றாள் தாய். “பேர் வரேல்ல. உங்கட பள்ளிக்கூடம் கிட்ட இருக்கு எண்டு புள்ளிய வெட்டிப் போட்டாங்களாம்.”

 நான் சொல்லியிருக்கலாம், எனக்கும் அதேதான் தங்கச்சி என்று. சொல்லவில்லை.

“பெரிய பள்ளிக்கூடத்தில ஒரு வகுப்பில நாப்பது பிள்ளை. ஆர் கவனிக்கிறது? எங்கட பள்ளிக்கூடத்தில நானே பக்கத்தில இருந்து கையப் பிடிச்சு எழுதப் பழக்குவன்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மகளுக்கு மட்டும் அது வேண்டாம், அவ்வளவுதான்.

“யோசிச்சுச் சொல்லுறன் டீச்சர்” என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து மேன்முறையீடு எழுதினேன். பட்டியலில் பெயர் வராதவர்கள் இரண்டு கிழமைக்குள் எழுத்தில் கொடுக்கலாம். பிள்ளையைச் சேர்க்கத் தகுந்த ஆரம்பப் பிரிவு இருந்தால்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்காகப் புள்ளி வெட்டலாம் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடம் தகுந்ததல்ல என்று எழுதினேன். இரண்டு தரங்கள் ஒரே மண்டபத்தில் நடக்கின்றன, பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இல்லை, தண்ணீர்த் தாங்கி வெடித்து மூன்று மாதம். முற்றத்தில் மான்கள் வந்து படுப்பதையும் விடவில்லை. இந்த டவுன் முழுக்க மான்கள்தான், பெரிய பள்ளிக்கூடத்து மைதானத்திலும் படுத்திருக்கும். கடைசியில், ‘ஒரு ஆசிரியை இரண்டு வகுப்புகளைப் பார்ப்பதால் எந்தப் பிள்ளைக்கும் முறையான கவனம் கிடைப்பதில்லை’ என்று முடித்தேன். அந்த ஆசிரியை நான்தான். பதினொரு வருட வேலையை ஒரு தாளில் நானே கொன்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அதிபர் உறுதிப்படுத்தினால்தான் அதற்குப் பெறுமதி. அடுத்த நாள் கடிதத்தை அவருடைய மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“இது வலயத்துக்குப் போனா எங்கள மூடிப் போடுவினம், தெரியுமோ?”

“தெரியும் சேர்.”

“பெற்றோர் கேள்விப்பட்டா என்ன நினைப்பினம்?”

“உங்கட பேத்தி எங்க படிக்கிறா சேர்?” என்று கேட்டேன்.

அவர் பேனையை எடுத்தார். முத்திரையையும் குத்தி, கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அப்போது எனக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது.

கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் அந்தத் தாய் நிற்கிறாள். அன்று அவளுக்கு லீவு நாள். மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“டீச்சர், ஒரு விசயம் கேக்கோணும். அப்பீல் எண்டு ஒண்டு குடுக்கலாமாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. இந்தப் பள்ளிக்கூடத்தில வசதி காணாது எண்டு எழுதிக் குடுத்தா வெட்டின புள்ளிய திருப்பித் தருவாங்களாமே, உண்மையோ? கோவிக்காதேங்கோ. உங்களுக்கு எதிராச் சொல்லேல்ல. எனக்கு எழுதத் தெரியாது. பிள்ளைக்காக நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ எண்டுதான் வந்தனான்.”

பை என் தோளில் தொங்கியது. உள்ளே அந்தக் கடிதம். அவளுக்கும் அதே கடிதம்தான் வேண்டும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை. அதிபர் அதற்கும் கையெழுத்து வைத்திருப்பார், இனி அவர் எதை மறுப்பார்? ஆனால் அவளுடைய பிள்ளை போனால் எனக்கு நான்கு பிள்ளைகள்தான். வகுப்பு மூடும், மாற்றம் வரும். அதோடு, பட்டியலில் எத்தனை இடம் திரும்பக் கிடைக்குமென்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு இடமென்றால்? இவ்வளவையும் அந்த வாசலில் நின்று ஒரு மூச்சில் கணக்குப் பார்த்தேன். எனக்கு மண்டை அவ்வளவு வேகமாக ஓடும் என்று அதுவரை தெரியாது.

“அப்பீல் தேதி முடிஞ்சு போச்சு” என்றேன்.

“முடிஞ்சுதோ?”

“ஓம். நேற்றோட முடிஞ்சுது. இனி ஒண்டும் செய்ய ஏலாது.”

இன்னும் நான்கு நாள் இருந்தது.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. அவள் ஏன் சந்தேகப்பட வேண்டும்? நான் டீச்சர். “அப்ப உங்களிட்டயே விடுறன்” என்று அங்கேயே படிவம் நிரப்பினாள். அதாவது, அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். போகும்போது “உங்களை நம்பித்தான் டீச்சர்” என்றாள். அன்று பின்னேரமே டவுனுக்குப் போய் என் கடிதத்தைக் கொடுத்தேன். விசாரணையில் மேன்முறையீட்டுச் சபையின் தலைவர் அதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டி, “அங்க படிப்பிக்கிற டீச்சரே எழுதியிருக்கிறா, இதைவிட என்ன வேணும்?” என்றார். ஐந்து புள்ளியும் திரும்பி வந்தது. இறுதிப் பட்டியலில் மகளின் பெயர் இருந்தது. கணவர் கேக் வாங்கி வந்தார். நான் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

முதல் நாள் காலை மகளைப் பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் விட்டேன். மாலை போட்டு, பாண்ட் அடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முழுதும் நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. ஓட்டோ பிடித்து என் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நான்கு தாய்மாரும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்தாவது தாய் மட்டும் ஹோட்டல் உடுப்போடு மகளின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

“உங்கட மகளுக்கும் இந்த வருசம்தானே டீச்சர்? காணேல்ல” என்றாள்.

பொய் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. “டவுனில” என்றேன்.

“பேர் வந்ததோ?”

“முதல் வரேல்ல. அப்பீல்ல கிடைச்சது.”

“எப்ப குடுத்தனீங்கள்?”

பிள்ளையின் புத்தகப் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கணக்குப் பார்க்க அவளுக்கும் அதிக நேரம் எடுக்கவில்லை. திட்டுவாள், பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் போகட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். ஆனால் எங்கே கொண்டுபோய் விடுவாள்? எல்லா இடமும் முடிந்துவிட்டது. அதை முடித்து வைத்தவளே நான்தான்.

பிரதான வீதியில் நிலாவெளி பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் குனிந்து மகளின் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள். பிறகு அந்தச் சின்னக் கையை எடுத்து என் கைக்குள் வைத்தாள். அதன் பிறகு ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தண்ணிப் போத்தல் மூடி இறுக்கம்” என்றாள். “அவவுக்குத் திறக்க ஏலாது. கேட்டாத் திறந்து குடுங்கோ.”

ஓம் என்றேன்.