மறைப்புக்குப் பின்னே உருண்ட பகடை

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘பல்செட்டுக்காரர்’ என்று கேட்டால் மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியபின் மேலே மெழுகில் ஈறு இழைத்து, பல் அடுக்கி, இறுதியில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் வார்த்தெடுத்து மெருகேற்றுவது அவர் தொழில். “பாதி ஊருக்குச் சிரிப்பு செஞ்சு குடுக்கறவரு, வீட்டுல மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு” என்று அவர் மனைவி குத்திக்காட்டுவது வழக்கம்.

அந்தச் சொல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பொருந்தாது. அன்று பிற்பகல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நால்வர் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் பூண்டிருப்பார்கள். “எதிரே ஒரு பாலம், பாதி இடிந்து கிடக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். தாண்டிக் குதிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், குதித்தாரா விழுந்தாரா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; எண் பெரிதாக விழுந்தால் தப்பித்தார், சிறிதாக விழுந்தால் போனார். ஆடுவதற்குக் களமும் கிடையாது, வெற்றிக் கோப்பையும் கிடையாது, வாய்தான் மூலதனம். எப்போதும் கதை நடத்துபவர் பல்செட்டுக்காரர். ஆடுபவர்கள் அவர் மனைவி, அவருடைய தம்பி, பள்ளிக்கூட வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர்.

இத்தகைய ஆட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிமுறை உண்டு. ஒன்று சலித்தால் அடுத்ததை வாங்கி ஆடிப் பார்ப்பார்கள். பகடைக்குப் பதிலாகச் சீட்டைப் புரட்டும் ஆட்டம், கை நிறையப் பகடை அள்ளிக் கொட்டும் ஆட்டம், யாருக்கு என்ன தெரியும் என்பதை ஆடிக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டிய துப்பறியும் ஆட்டம் என்று எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. வீரர்களுக்கும் பூதங்களுக்கும் வேண்டிய பொம்மைகளைப் பல்செட்டுக்காரர் வேலையில் மிஞ்சிய மெழுகில் செதுக்கி, மிஞ்சிய அக்ரிலிக்கில் வார்த்துக்கொண்டுவருவார். அதனால் அரசன் முதல் அரக்கன் வரை எல்லாரும் ஈறு நிறத்தில் இருந்தார்கள்.

“ஏம்பா பல்செட்டு, இந்தப் பூதத்தைப் பாத்தா பயம் வரல, பல் வலிதான் வருது” என்பார் டிரைவர்.

விதிமுறை எத்தனை மாறினாலும் அந்த மேசைக்கென்று ஒரு சட்டம் மாறவில்லை. பல ஆட்டங்களில் நடத்துபவர் ஒரு மறைப்பு வைத்துக்கொண்டு அதன் பின்னால் பகடை உருட்டலாம். என்ன விழுந்தது என்று அவர் சொல்வதுதான் முடிவு. தொடக்க நாளிலேயே அதை எதிர்த்தவன் தம்பி. “கடவுளாவே இருந்தாலும் வெளியிலதான் உருட்டணும். விழுந்தது விழுந்ததுதான்” என்று அவன் அடித்துச் சொன்னான். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். எத்தனையோ வீரர்கள் அநியாயமாகச் செத்தார்கள். ஆனால் யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை.

தம்பி நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவன். ஆட்டத்துக்கு வேண்டிய காடு, கோட்டை, சுரங்கம் எல்லாவற்றையும் அவன்தான் வரைந்து கொடுப்பான். அந்த அலுவலகம் மூடப்பட்டது. அவன் வீட்டில் உட்கார்ந்தான். சில மாதங்களில் அவன் மனைவி அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அண்ணன் போய்ப் பெட்டி படுக்கையோடு அவனைத் தன் வீட்டுப் பின்னறைக்கு அழைத்துவந்தார். மருத்துவரிடம் காட்டினார்கள். மாத்திரைகள் அவனுக்குத் தூக்கத்தைக் கொடுத்தன, விழிப்பைக் கொடுக்கவில்லை. கூப்பிட்டால் சாப்பிட வருவான். சாப்பிட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி காலியாகக் கிடந்தது.

அண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். புதிது புதிதாக ஆட்டங்களை வரவழைத்தார். யாருமே தோற்காத ஆட்டம், நால்வரும் பூனைகளாக இருக்கும் ஆட்டம், சிரித்தே தீரவேண்டிய ஆட்டம். தம்பி வந்து சற்று நேரம் உட்காருவான். “தலை வலிக்குதுண்ணா” என்று போய்விடுவான். அடுத்தவன் செய்த ஆட்டம் இவனுக்குப் பொருந்தாது என்ற முடிவுக்கு அண்ணன் வந்தார். அடுத்தவன் வாயில் அளவெடுத்த பல்செட்டை இவன் வாயில் மாட்ட முடியுமா? அளவெடுத்துத் தாமே ஓர் ஆட்டம் செய்வது என்று தீர்மானித்தார்.

அதைச் செய்யப் பல மாதங்கள் பிடித்தன. ஆட்டத்தின் நாயகன் ஒரு நில அளவைக்காரன். அவனுக்கு முன்னால் இருப்பது வெற்று நிலம், ஒன்றுமே கிடையாது. அவன் நடந்து போய் எதைக் கண்டதாகச் சொல்கிறானோ அது அங்கே உண்டாகும். ஆறு என்றால் ஆறு, ஊர் என்றால் ஊர். தம்பி பேசப் பேச உலகம் வளரும்; மேசையில் விரித்த வெள்ளைத் தாளில் அவன் கையாலேயே அதை வரைவான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அண்ணனுக்கு அதே நினைப்பு. பல் அடுக்கிக்கொண்டிருந்தவர், மேல் வரிசைப் பற்களைக் கீழ் வரிசையில் வைத்து, பட்டறை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. பகடை மோசமாக விழுந்தால் நில அளவைக்காரன் செத்துவிடுகிறான். வெற்று நிலம் என்றால் ஆபத்து இருக்கத்தானே செய்யும்? ஆபத்தை எடுத்துவிட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. யோசித்து யோசித்து, பல் பெட்டி அட்டைகளை ஒட்டி ஒரு மறைப்பு செய்தார்.

மனைவி அதைப் பார்த்துவிட்டு நின்றாள். “என்னங்க இது? நம்ம மேசைக்குச் சட்டம் இருக்கே.”

“ஒரே ஒரு தடவைதான். அவன் தோக்கக் கூடாது. தோத்தது போதும்.”

“அவன் கண்டுபிடிச்சா?”

“அவன் நிமிர்ந்து பாத்தே எத்தனை நாளாச்சு” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. “உனக்குன்னே செஞ்சதுடா” என்று அண்ணன் கதவருகே நின்று கெஞ்சியபின், தம்பி வந்து உட்கார்ந்தான். மறைப்பைப் பார்த்தான், பார்வையை வெள்ளைத் தாளுக்குத் திருப்பிக்கொண்டான். டிரைவரும் அண்ணன் மனைவியும் அளவைக்காரனுக்கு நிலம் அளக்கும் சங்கிலி தூக்கும் ஆட்களாக வேடம் ஏற்றிருந்தார்கள்.

“உன் முன்னாடி ஒண்ணுமே இல்ல. வெறும் வெளி. என்ன தெரியுது உனக்கு?” என்றார் அண்ணன்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

“மரம் இருக்கா?” என்றான் தம்பி.

“நீ சொன்னா இருக்கும்.”

“அப்ப ஒரு மரம். பெருசு. கீழ நல்ல நிழல்.” பென்சிலை எடுத்து மரத்தை வரைந்தான். கோடு நேராக விழுந்தது. “அவன் அதுக்கடியில உக்கார்றான்.”

“உக்காந்து?”

“உக்காந்திருக்கான்.”

“நல்லா இருக்கே கதை!” என்றார் டிரைவர். “முதலாளி மரத்தடியில குளுகுளுன்னு உக்காந்துக்குவாரு, நானும் தங்கச்சியும் வெயில்ல சங்கிலியைத் தூக்கிட்டு நிக்கணுமா?”

“நீங்களும் உக்காருங்க டிரைவரண்ணே. இடம் இருக்கு.”

தம்பியின் உதட்டோரம் சற்றே விரிந்தது. மனைவி அதைப் பார்த்தாள். தலை குனிந்து சேலை நுனியைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணனும் பார்த்தார். ஆனால் அவர் பல மாதங்கள் உழைத்துச் செய்த உலகம் அந்த மரத்துக்கு அப்பால் காத்திருந்தது. அவன் எழுந்தால்தானே அது பிறக்கும்? உட்கார்ந்திருப்பவனுக்கென்று அவர் எந்த விதியும் எழுதியிருக்கவில்லை. ஆடுபவர் நகராமல் நின்றால் பின்னாலிருந்து துரத்த வேண்டும் என்பதுதான் கதை நடத்துவோர் கற்றுவைத்திருக்கும் பாடம்.

“மழை வருது” என்றார்.

“வரட்டும்.”

“பெருமழை. மரம் தாங்காது. ஓடினாத்தான் உண்டு.”

“அவன் ஓடல.”

அண்ணன் மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. “பதினேழு! கிளை ஒடிஞ்சு பக்கத்துல விழுந்துச்சு. பொழச்சுக்கிட்டான். இப்ப எழுந்திருக்கானா?”

“இல்ல.”

வெள்ளத்தை அனுப்பினார். மீண்டும் உருட்டினார். ஐந்து விழுந்தது. “பதினெட்டு! தண்ணி முழங்காலோட நின்னுருச்சு.” வெள்ளம் வடிந்ததும் காட்டு விலங்கு ஒன்றை அனுப்பினார். அவர் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. “ஏய், எழுந்திருடா! அது உன்னைப் பாத்துருச்சு!”

“அவனுக்கு முடியலண்ணா.”

பகடை உருண்டது. “பத்தொம்பது” என்றார் அண்ணன்.

தம்பி பென்சிலைக் கீழே வைத்தான். “பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. எனக்கு எப்பண்ணா இப்படி விழுந்திருக்கு?”

அவன் கையை நீட்டி மறைப்பை மெதுவாகச் சாய்த்தான். பகடையில் இரண்டு என்ற எண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் எப்போதும் பேசுகிற தொனியிலேயே பேசினான்.

“ஆபீசை மூடப்போறாங்கன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். எங்கிட்ட மட்டும், ஒண்ணும் ஆகாது, நீ வரைஞ்சுக்கிட்டிருன்னாங்க. அவளும் ரெண்டு நாள்ல வந்துடறேன்னுதான் சொல்லிட்டுப் போனா. இந்த மேசையில மட்டும்தான் எனக்கு உள்ளதைச் சொல்லுவாங்கன்னு இருந்தேன்.”

“டேய், உன் நல்லதுக்குத்தாண்டா...”

“தெரியும். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. இப்ப மறுபடியும் உருட்டு. வெளியில.”

“வேண்டாங்க” என்றாள் மனைவி.

“உருட்டுண்ணா. இல்லேன்னா நான் இந்த மேசைக்கு வந்ததுக்கே அர்த்தம் இல்ல.”

அண்ணன் பகடையை எடுத்தார். பொடிப் பற்களைக் கிடுக்கியில் பிடித்து நடுக்கமின்றி வைக்கும் விரல்கள் அவை. அன்று அவற்றில் பகடை நிற்கவில்லை. உருட்டியதா நழுவியதா என்று சொல்ல முடியாதபடி விழுந்து, வெள்ளைத் தாளில் ஓடி, மரத்தின் நிழலில் போய் நின்றது. ஒன்று.

“சொல்லு” என்றான் தம்பி.

“செத்துட்டான்” என்றார் அண்ணன்.

தம்பி தலையாட்டினான், ஒரு வேலை முடிந்ததுபோல் எழுந்தான். “டிரைவரண்ணே, நீங்க மேக்கொண்டு போங்க. அண்ணி, பாத்துப் போங்க” என்று வேடதாரிகளுக்கு விடை சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவு சாத்தும் ஓசை கேட்டது.

டிரைவர் சட்டைப்பையில் சாவியைத் தேடினார். “நான் வரட்டுமாப்பா? வண்டி கழுவணும்” என்றார். அவர் வண்டியை முதல்நாளே கழுவிவிட்டதாக வந்ததும் சொல்லியிருந்தார். இப்போது அதை யாரும் நினைவூட்டவில்லை.

சற்றுப் பொறுத்து அண்ணன் பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“கோவமாடா?”

“இல்லண்ணா. கேம் நல்லா இருந்துச்சு.”

“பொய் சொல்லாதே.”

“நான் ஏன் சொல்லப்போறேன்? நெசமாவே நல்லா இருந்துச்சு. அந்த மரத்தடி. எத்தனையோ நாள் கழிச்சு ஓரிடத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, அப்புறமா எழுந்திருப்பானோ என்னமோ. நீதான் மழையை அனுப்பிட்டே.”

அண்ணன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“தப்புதாண்டா. அடுத்த வாரம் அங்கேயே உக்காந்துக்கலாம். மழை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நானும் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்.”

“அவன் செத்துட்டானேண்ணா.”

“வேற ஒருத்தனை வெச்சுக்கலாம். அதே மரம். நான் எழுதி வெச்சுடறேன்.”

“எழுதுவே. அதுலயும் எனக்கு நல்லது செய்யப் பாப்பே.” தம்பி போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டான். “இனிமே கூப்பிடாதண்ணா. நீ கூப்பிட்டா எனக்கு வராம இருக்க முடியல. வந்தா இப்படி ஆயிடுது.”

“சரிடா” என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது ஆறுதலாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவன் நம்பமாட்டான் என்பதும் தெரிந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டார். கதவைத் திறந்துவைத்துவிட்டு இரண்டடி நடந்தவர், அவனுக்குத் திறந்திருந்தால் பிடிக்காது என்பது நினைவுக்கு வர, திரும்பிவந்து சத்தமின்றிச் சாத்தினார்.