மிங்மா என்று கூப்பிட்டோம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் மூளைக்குக் காற்று போதாது, கண்டது கேட்டது எல்லாம் பிரமையாக இருக்கும் என்று ஒரு டாக்டர் எனக்குப் பாடம் எடுத்தார். பதினேழு வருஷமாக எவரெஸ்டில் மூட்டை தூக்குகிறேன். மூளை கலங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

என் பெயர் ரிஞ்சி. கும்ஜுங் ஊர்க்காரன், ஷெர்பா. எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். செவ்வாய்க்கிழமை பிறந்தால் மிங்மா. ஊருக்குப் பத்து மிங்மா இருப்பான். அதனால் மலை உச்சிப் பக்கம் போய்விட்டால் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். செத்து, இறக்கிக் கொண்டுவர முடியாமல் அங்கேயே கிடக்கிறவர்களுக்கும் அதே பெயர்கள்தானே! மச்சான், மாப்ளே, சொட்டையா என்று எதையாவது சொல்லிக் கூப்பிடுவோம். இல்லாவிட்டால் பாத்திரத்தைத் தட்டுவோம்.

அது மே மாதம். நானும் என் கூட்டாளி சிரிங்கும் முன்னால் ஏறிப்போய் நாலாம் முகாமில் கூடாரம் போட்டிருந்தோம். என் தங்கச்சி யாங்ஜியின் புருஷன் மிங்மா, மூன்றாம் முகாமிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர்களோடு மதியம் வந்து சேர வேண்டும். யாங்ஜிக்கு ஏழு மாதம். புறப்படும் அன்று என்னைத் தனியாக அழைத்து, "அவரு இல்லாம நீ மட்டும் வாசல்ல வந்து நிக்காதேண்ணே" என்று சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்குக் காற்று முறைத்துக்கொண்டது. நாலு மணிக்கு நீட்டிய கை தெரியவில்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி கூடாரத்தைப் போட்டு உலுக்கியது. இந்த மலைக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. வாக்கி-டாக்கி பேட்டரி குளிரில் செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மிங்மாவைக் காணோம்.

பாத்திரத்தைத் தட்டினோம். கை மரத்துப்போகும் வரைக்கும் தட்டினோம். அந்தச் சத்தம் பத்தடி கூடப் போயிருக்காது.

சிரிங் பொறுக்கமாட்டாமல் வாசல் ஜிப்பைத் திறந்து கத்திவிட்டான்.

"மிங்மாஆ..."

அவன் வாயைப் பொத்தப் போனேன். யாங்ஜியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கையை இறக்கிவிட்டு நானும் கத்தினேன். இரண்டு தடவை.

பதில் வந்தது.

"வர்றேன்..."

ஆனால் ஏறிவரக் கயிறு கட்டியிருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. திபெத் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பாதை கிடையாது. அதலபாதாளம்தான். காற்று சத்தத்தைத் திருப்பிக் காட்டும் என்றான் சிரிங். ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன்.

குனிந்து உள்ளே வந்தான். முகமூடி, கண்ணாடி எல்லாம் பனி அப்பியிருந்தது. முதுகில் மூட்டை இல்லை. சிலிண்டரை எங்கே போட்டாய் மாப்ளே என்று திட்டினேன். பேசவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவன், மச்சான் என்றுகூடச் சொல்லவில்லை.

டீ கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டான்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் தாடியிலிருந்த பனி உருகிச் சொட்டியது. அவன்மேல் இருந்த பனி... உருகவில்லை.

எனக்கு மூச்சுப் புகை வந்தது. சிரிங்குக்கும் வந்தது. படுத்திருந்தவன் முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சிரிங் என் தொடையைக் கிள்ளினான். அவனும் பார்த்துவிட்டான்.

ஏழரை மணி இருக்கும்.

சரக்... சரக்... சரக்...

முள் பூட்ஸ் பனியில் மிதிக்கிற சத்தம். கூடாரத்தைச் சுற்றி வந்தது. வாசலில் நின்றது.

"தெற... குளுருது."

மிங்மாவின் குரல்.

என் கை ஜிப்புக்குப் போனது. வெளியே சாகக் கிடப்பது என் தங்கச்சி புருஷன் என்றால்?

முதுகுக்குப் பின்னால், படுத்திருந்தவன் பேசினான். அதே குரல்.

"தெறக்காதே. நான் உள்ளதானே இருக்கேன்."

சிரிங் அழ ஆரம்பித்தான். எனக்குப் பயம் முற்றினால் கோபம்தான் வரும். உன் பெண்டாட்டி பெயரைச் சொல் என்று வெளியே பார்த்துக் கத்தினேன். உள்ளே திரும்பியும் அதையே கேட்டேன்.

காற்று நின்றது.

சுத்தமாக நின்றது.

பிறகு உள்ளேயும் வெளியேயும்... ஒரே நேரத்தில்... ஒரே குரலில்...

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

அடுப்பு அணைந்தது.

லாமா மந்திரித்துக் கொடுத்த அரிசியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, விடியும்வரை ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு கிடந்தோம். ஜிப்பைத் தொடவே இல்லை.

விடிந்தது. ஓரத்தில் யாரும் இல்லை. ஜிப் மூடியபடியே இருந்தது. வெளியே ஒரு காலடித் தடம் இல்லை. நான் கொடுத்த டீ மட்டும் கிண்ணத்தோடு உறைந்து கிடந்தது.

சட்டைக்குள் இருந்த பேட்டரியைப் போட்டேன். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மச்சான்... பூட்ஸ் முள்ளு ஒடஞ்சு போச்சு. நேத்து காலையிலயே அடிவார முகாமுக்கு எறங்கிட்டேன். நீங்க உசுரோட இருக்கீங்களா?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

அன்று சாயங்காலமே அடிவார முகாமுக்கு இறங்கிவிட்டோம். மிங்மாவுக்குத் தெரியாமல் சமையல்காரன் கெலுவிடம் மட்டும் சொன்னேன். மேலே இறங்காமல் கிடக்கிற மிங்மாக்கள் மூன்று பேர் என்றான். ஒருவன் திபெத் பக்கம் விழுந்தவன். ஒருவன் நாங்கள் கூடாரம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். இன்னொருவன் வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று புலம்பிக்கொண்டே செத்தவனாம்.

"எத்தனை தடவ கூப்பிட்டீங்க?"

"மூணு."

"வந்தது?"

"ரெண்டு பேரு."

அவன் கரண்டி அப்படியே நின்றது.

மறுநாள் விடியுமுன்பே கிளம்பிவிட்டோம். இருட்டும் நேரத்துக்குக் கும்ஜுங். வாக்கி-டாக்கியில் நான் அழுததைச் சொல்லி வழியெல்லாம் மிங்மா என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். அவனை முன்னால் நிறுத்திக் கதவைத் தட்டினேன். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

யாங்ஜி கதவைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்தாள்.

"முந்தாநாள் ராத்திரியே வந்துட்டாரேண்ணே... குளுருதுன்னாரு. நான்தான் கதவத் தெறந்தேன். ரெண்டு நாளா ஒரு வார்த்த பேசல..."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உள்ள படுத்திருக்கிறது யாரு?"

உள்ளே ஓடினோம். யாரும் இல்லை. மெத்தை தொப்பலாக நனைந்திருந்தது. அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது.

தலைமாட்டில் அவள் வைத்த டீ, கிண்ணத்தோடு கல்லாக உறைந்திருந்தது.