மொறிசியஸில் ஆறு நாள்

நாங்கள் போகாத ஒரு பயணத்தின் ஆறு நாட்களும் எனக்கு இன்றும் மனப்பாடம். முதல் நாள் விமான நிலையத்திலிருந்து கடற்கரை வீடு. இரண்டாம் நாள் ஓய்வு, ஏனென்றால் அம்மாவுக்குக் கால் வீங்கும். மூன்றாம் நாள் மலைமேல் இருக்கிற முருகன் கோயில். நான்காம் நாள் எரிமலை. ஐந்தாம் நாள் கடைத்தெரு. ஆறாம் நாளைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. அன்றைக்கு அக்கா பாரிசுக்கும், அம்மாவும் நானும் மட்டக்களப்புக்கும் திரும்ப வேண்டும்.

அது சண்டைக் காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கு அப்பால், வயல் சூழ்ந்த ஒரு ஊரில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா அகதியாகப் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருடம். எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்று அவளுடைய பயணப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. அம்மாவைப் பிரான்சுக்கு எடுக்க விசா கிடைக்காது என்று விசாரித்த இடமெல்லாம் கைவிரித்தார்கள். இதற்கிடையில் அம்மாவின் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணைப் பிடித்திருந்தது. ஒரு கண் மங்கிவிட்டது, மற்றதும் போகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். பார்வை இருக்கும்போதே மூத்த மகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

வழியைக் கண்டுபிடித்தவள் அக்காதான். அவள் பாரிசில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்தாள். கூட வேலை செய்த பெண் மொறிசியஸ்காரி. பெயர் தமிழ்ப் பெயர், வாயில் ஒரு சொல் தமிழ் இல்லை. அவளுடைய தாய்வீடு அங்கே கடற்கரையோரம் இருந்தது. ஓகஸ்டில் நாங்கள் மூன்று பேரும் அங்கே தங்கலாம், விசாவும் போய் இறங்கியே எடுக்கலாம் என்று அக்கா எழுதியிருந்தாள். ஊர்ச் சனம் அடுத்த சண்டைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் உல்லாசப் பயணம் திட்டமிட்டோம். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் விடுமுறை என்றால் அதுதான். அவளும் வரக்கூடிய, நாங்களும் போகக்கூடிய மூன்றாவது நாடு ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்தத் தீவே எரிமலை கக்கிப் பிறந்தது என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அம்மாவுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் உன்னிச்சைக் குளக்கட்டுத்தான். அதற்கு மேல் உயரமான எதிலும் அம்மா கால் வைத்ததில்லை.

“இப்பவும் எரியுதா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. அணைஞ்சு கனகாலம். வாய்க்குள்ள மரம் முளைச்சிரிக்காம்.”

“எண்டாலும் கிட்டப் போய்க் கைய வெச்சுப் பாக்கணும். அடுப்பு அணைஞ்சாலும் சாம்பல் கனநேரம் சுடும். முதல்ல கோயிலுக்குப் போவம், மறுகா எரிமலையப் பாப்பம்.”

அப்படித்தான் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் முடிவாயின. மண்டூர்க் கோயிலில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதுபோல அந்த ஊர் முருகனுக்கும் செய்வார்களா என்று அம்மா கேட்டார். அக்காவிடம் கேட்போம் என்றேன். அம்மாவின் கேள்விகள் ஒரு பட்டியல் அளவுக்கு வளர்ந்தன. அந்த மாதங்களில் அவர் என்னைவிட இளமையாக இருந்தார்.

இந்த இடத்தில்தான் என் ரீச்சர்ப் புத்தி வேலை செய்தது. பள்ளிக்கூடத்து அட்லஸில் அந்தத் தீவு வெறும் புள்ளி. அக்கா அனுப்பியிருந்த சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து, பழைய பரீட்சைத் தாள்களை ஒட்டி, அதன் பின்பக்கத்தில் தீவைப் பெரிதாக வரைந்தேன். மலைக்குச் சமவுயரக் கோடுகள் போட்டு ஒவ்வொரு கோட்டிலும் உயரத்தை மீற்றரில் எழுதினேன். அம்மாவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எல்லாம் சிவப்பு மையில், தடித்த எழுத்தில். போகும் பாதைக்கு அம்புக்குறி. அதன் பக்கத்தில் நாள் 1, நாள் 2. எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது. எரிமலை வாயைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். என் வகுப்பில் யாராவது அப்படி ஒரு படம் வரைந்து தந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பேன். மிச்சப் பத்தை வெட்டியிருப்பேன், ஏனென்றால் படத்துக்குத் தலைப்பு இல்லை. எங்கள் இருவருக்கும்தான் தெரியுமே என்று தீவின் பெயரை எழுதாமல் விட்டிருந்தேன்.

கடவுச்சீட்டுக்காக அம்மாவைப் போட்டோ எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை பட்டினத்துக்குப் புறப்பட்டோம். அன்று பதினொரு மணிக்கு அக்கா வேலைக்குப் போகும் முன் பட்டினத்தில் வெளிநாட்டு அழைப்பு எடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடைக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆறு நாட்களையும் அவளோடு பேசி உறுதிசெய்ய, படத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“அத வீட்ட வை புள்ள,” என்றார் அம்மா. “பாலத்தடியில கடுதாசித் துண்டுக்கும் கேள்வி கேப்பானுகள்.”

“அது எங்கயோ கிடக்கிற தீவும்மா. அவங்களுக்கு அதுல என்ன?”

ரேடியோ பற்றரி கொண்டுபோகக் கூடாது, எழுதிய தாள் என்றால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடியும் அறிந்த விஷயம். எனக்குத் தெரியாமல் இல்லை. படித்தவள் என்ற திமிர், வேறென்ன? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையெழுத்தால் கெட்டேன்.

பட்டினத்துக்குப் போகும் பாலத்தடியில், இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு பெண் சிப்பாய் பையைத் திறந்து தாளை விரித்தாள். விரித்தவள் மறுபடி மடிக்கவில்லை. ஓர் அதிகாரி வந்தார். ஓரளவு தமிழ் பேசினார்.

“இது எந்த இடம்?”

“மொறிசியஸ்.”

“நாள் ஒன்று என்ன? நாள் நாலு என்ன? இந்த வட்டம் எந்த காம்ப்?”

அவர் படத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். அப்போதுதான் நானும் அதை அவருடைய கண்ணால் பார்த்தேன். தீவின் கரையோரம் நான் வரைந்திருந்த பவளப்பாறைக் கோடு எங்கள் வாவியைப் போலவே வளைந்து கிடந்தது. அம்புக்குறி, நேரம், தூரம், சிவப்பு வட்டம். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் என்னை விட்டிருக்கமாட்டேன். இதை ஒப்புக்கொள்ள இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

உள்ளே என்னிடம் கேட்டவற்றை நான் எழுதப்போவதில்லை. யாரும் அடிக்கவில்லை. ஆனால் அன்று முதல் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற தாளை மடித்து ஒளிப்பேன். வெளியே அம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மகள் வந்தால்தான் போவேன் என்று அம்மா மணல்மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். சீனி வருத்தக்காரி, காலையில் தின்ற அரைத் துண்டு பாணோடு பின்னேரம் வரை அங்கேயே இருந்தார். நாலு மணிபோல, சேதி கேட்டு, எங்கள் பள்ளிக்கூட அதிபர் அந்த அட்லஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். இந்து சமுத்திரத்தில் இருந்த அந்தப் புள்ளியை விரலால் காட்டி, இவ எங்கட ரீச்சர் என்று மூன்று தரம் சொன்னாராம். விட்டார்கள். படத்தையும் என் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு திங்களும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அட்டைக்குப் பதிலாகத் தந்த துண்டோடு பட்டினம் வரை போகலாம், கொழும்புக்குப் போக முடியாது. கடவுச்சீட்டு கொழும்பில்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தனியாகப் போக ஏலாது.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் அடுத்த அழைப்புக்குப் போனேன். கடைக்குள் ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். போன் கூட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகை. போனில் காம்ப் என்றோ பிடித்தார்கள் என்றோ சொல்லக் கூடாது. கம்பியில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடிதமும் உடைத்துத்தான் வரும்.

“அண்டைக்கு ஏன் வரல்ல? எல்லாம் சரிதானே?” என்றாள் அக்கா.

வாயில் வந்ததைச் சொன்னேன். “அம்மா வரமாட்டாவாம் அக்கா. எரிமலை எண்டு பயப்படுறா.”

“அது அணைஞ்சு எவ்வளவு காலம்? நீ ரீச்சர்தானே, சொல்லிக் குடு.”

“சொன்னன். கேக்கிறா இல்ல.”

அவள் சொன்னாள்: “ஷெல்லுக்குள்ள சோறாக்கித் தின்னுறவ மலைக்குப் பயப்படுறாவா? என்னைப் பாக்க விருப்பமில்ல எண்டு நேர சொல்லு.” போனை வைத்துவிட்டாள்.

அதுவரைக்கும் நான் செய்ததில் பெரிய பிழை இல்லை என்று யாராவது எனக்காக வாதாடலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு வாதாட ஆள் கிடைக்காது.

எட்டு மாதத்தில் அடையாள அட்டை திரும்பி வந்தது. அம்மா அதை என் கையில் கண்ட அன்றே சொன்னார்: “இனி அக்காவுக்கு எழுது. வாற ஓகஸ்டுக்குப் போவம். இந்தக் கண் அதுவரைக்கும் தாங்கும்.”

எழுத உட்கார்ந்தேன். எழுதினால் அக்காவிடம் சொன்ன பொய்யை அவிழ்க்க வேண்டும். அதைவிட, அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டி, வழியில் எத்தனையோ சாவடிகளைத் தாண்டி, கொழும்பில் லொட்ஜில் தங்கி, ஏன் வந்தாய், எந்தத் தீவு, யாரைச் சந்திக்க என்ற கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். மூன்று நாள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் வீட்டில் எரிமலைக்கு யாரும் பயப்படவில்லை. பாலத்துக்கு நான் பயந்தேன். நான்காம் நாள் அம்மாவிடம் போய், “அக்காவுக்கு இந்த வருசம் லீவு இல்லையாம்,” என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். “அவளுக்கு வேலைதான் பெரிசு,” என்றார். பிறகு தானே அதைத் திருத்தி, “பாவம், அவளும் என்ன செய்வாள்?” என்றார். அடுத்த வருடம் அவர் கேட்கவில்லை. அதற்கும் அடுத்த வருடம் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனது, இரண்டு கண்ணும் போய்விட்டன. அக்காவின் கடிதங்கள் அரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தன. நான் வாசித்து முடித்ததும், “அவ்வளவுதானா?” என்பார் அம்மா. இரண்டொரு அன்பான வரியை நானே சேர்த்து வாசிக்கப் பழகிக்கொண்டேன். ஒரு மாரி காலத்தில் அம்மா காலமானார்.

மூன்று வருடம் கழித்து, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில், அக்கா பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வந்தாள். சொந்தக்காரரும் அயலவரும் முற்றம் நிறைய இருந்தார்கள். அதிபரும் வந்திருந்தார். அக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: “எங்கட அம்மா ஒரு மலைக்குப் பயந்து என்னைப் பாக்காம விட்டவ.” யாரும் சிரிக்கவில்லை. பாலத்தடியில் நடந்தது ஊருக்கே தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்கள்மேல் கோபமாகவும் இருந்தது.

சனம் கலைந்த பிறகு அவளிடம் சொன்னேன். படம், பாலம், வெயிலில் அம்மா இருந்தது, எட்டு மாதம் அடையாள அட்டை இல்லாமல் இருந்தது, போனில் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ வெளிய வந்ததே போதும். போன்ல வேற என்னத்தச் சொல்லுவாய்?” என்றாள். அழுதாள். அதோடு நான் தப்பியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள்:

“காட் திரும்பி வந்த மறுகா அம்மா கேக்கல்லையா?”

“கேட்டவ.”

“நீ என்ன சொன்னாய்?”

“உங்களுக்கு லீவு இல்லை எண்டு சொன்னன்.”

அவள் கையை எடுத்தாள். அது எந்த வருடம் என்று கேட்டாள். சொன்னேன்.

“அந்த வருசம் ஹோட்டல் பூட்டிக் கிடந்தது,” என்றாள் அக்கா. “நாலு மாசம் வேலையில்லாம வீட்டுலதான் இரிந்தன்.”